மணிக்குச் சொன்ன ‘ஸி’

“ரெண்டுல ஒண்ணுதான் ஏறும். சீமாட்டியா, அலமாரியா... நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க.”

சொல்லிவிட்டு லிஃப்ட்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

சீமாட்டி என்று அவர் சொன்னது ஒரியெத்தாவை இல்லை... அவள் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற செல்லோ என்ற பெரிய வயலினை. கறுப்புப் பெட்டிக்குள் தோளும் இடுப்புமாக அது அவளைவிடக் கம்பீரமாக நின்றது. அலமாரி என்றது பக்கத்தில் தள்ளுவண்டியில் நின்ற ஒலிபெருக்கிப் பெட்டியை. ஆள் உயரம். அதற்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. தோள்வரை ஈர முடி. அந்த முடிக்குள்ளே எங்கேயோ இரண்டு கண்கள்... சிரித்துக்கொண்டிருந்தன.

ஜெனோவாவின் அக்டோபர் மழைக்கு மரியாதையே தெரியாது. மேலேயிருந்து பெய்யாது, கடல் பக்கத்திலிருந்து வந்து முகத்தில் அறையும். குடையை விரித்தால் அதைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். அப்படிப்பட்ட மழையில் கீழூரிலிருந்து காஸ்தெல்லெத்தோ மேட்டுக்கு ஏற இந்த லிஃப்ட் ஒன்றுதான் கதி.

“நான்தான் முதல்ல வந்தேன்,” என்றாள் ஒரியெத்தா.

“வர்றதுல நீங்க முதல். நனையறதுல நான் முதல். பாருங்க, சட்டையைப் பிழிஞ்சா ஒரு வாளி வரும்.”

“இது மரம். நனைஞ்சா வீங்கிடும்.”

“இதுவும் மரம்தான் சின்யோரீனா. உள்ள கரண்ட் வேற போகுது. இது நனைஞ்சா நான் வீங்கிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். இவனிடம் போய்ச் சிரிப்பதா... 

லிஃப்ட்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “நீங்க ரெண்டு பேரும் வராம இருந்தா, அவங்க ரெண்டு பேரையும் ஏத்திக்கலாம்.”

அப்படித்தான் நடந்தது. செல்லோவும் அலமாரியும் ஜோடியாக லிஃப்டில் ஏறின. கதவு சாத்திக்கொண்டது. மனிதர்கள் இருவரும் மழையில் நின்றார்கள்.

“அந்த அலமாரி சரிஞ்சு என் செல்லோ மேல விழுந்தா...” என்றாள் ஒரியெத்தா.

“விழாது. நான் வளர்த்த பிள்ளை. பொம்பளைங்க பக்கத்துல ஒழுங்கா நிக்கும்.”

அவள் படிக்கட்டைப் பார்த்து ஓடினாள். அவனும் ஓடினான். வீடுகளுக்கு நடுவே செங்குத்தாக ஏறும் படிக்கட்டு... மேலேயிருந்து தண்ணீர் ஓடை மாதிரி இறங்கி வந்தது. மூச்சு வாங்க ஏறும்போதே அவன் ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு வந்தான். பழைய தேவாலய இசை மாதிரி ஆரம்பித்தது, திடீரென்று தாளம் தப்பித் துள்ளியது, திரும்ப அடங்கியது. ஒரியெத்தாவின் காது அவளைக் கேட்காமலே அதன் பின்னால் போய்விட்டது.

பாதிப் படியில் அவள் நின்றாள். “மூணாவது சுரம் தப்பு.”

“தப்பில்ல. வேணும்னே வெச்சது.”

“எதுக்கு?”

“இப்படி யாராவது நின்னு கேப்பாங்கன்னுதான்.”

இந்தத் தடவை சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

அவன் பெயர் ஆம்பேலியோ. இசைக் கல்லூரியில் ஆர்கன் படித்து, வாத்தியாரோடு சண்டை போட்டுப் பாதியில் வெளியே வந்தவன். மேட்டில் பழைய தேவாலயத்துச் சினிமாக் கொட்டகை ஒன்று பூட்டிக் கிடந்தது. அதைப் பிடித்து ஒரு ராக் குழு நடத்திக்கொண்டிருந்தான். குழுவின் பெயர் ‘பழைய உப்புக் கிடங்கின் மூன்றாம் கதவு’. சிரிக்க வேண்டாம்... எழுபத்திரண்டில் இத்தாலியில் ராக் குழுவின் பெயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு கௌரவம். அவர்கள் போடப்போகும் முதல் இசைத்தட்டுக்குப் பெயர் ‘கொந்தளிப்பு’. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அதற்குள் பழைய சாஸ்திரிய இசை இருக்கும், மின்சாரக் கிதார் இருக்கும், ஆர்கன் இருக்கும். இல்லாத ஒரே வஸ்து செல்லோ.

“வாசிச்சுட்டிருந்தவனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க,” என்றான் ஆம்பேலியோ, மேலே போய் அலமாரியையும் சீமாட்டியையும் பத்திரமாக இறக்கியபிறகு. “நீங்க வந்து வாசிக்கறீங்களா?”

“நானா... எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னையும் பட்டாளத்துக்கு அனுப்பிடுவார்.”

விளையாட்டாகச் சொன்னாலும் விஷயம் விளையாட்டு இல்லை. அவள் அப்பா செவெரினோ கானெப்பா நகரத்து ஆபரா இசைநாடக வாத்தியக் குழுவில் பாசூன் வாசிப்பவர். பாசூன் தெரியுமில்லையா... நெஞ்சுயரத்துக்கு நீளமாக, தொண்டை கட்டிய தாத்தா மாதிரி பேசும் குழல். அந்த வாத்தியக் குழுவில் ஒரு செல்லோ நாற்காலி காலியாகி இருந்தது. மார்ச்சில் தேர்வு. ஒரியெத்தா சின்ன வயதிலிருந்து கனவு கண்ட நாற்காலி அது. ராக்கை அப்பா ‘பாத்திரம் உருட்டறது’ என்பார். தேர்வு வைக்கும் பெரியவர்கள் அவ்வளவு நாகரிகமாகச் சொல்லமாட்டார்கள். நீள முடிக்காரர்களோடு வாசித்தவள் என்று தெரிந்தால் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்துதான் மறுநாள் சாயங்காலம் செல்லோவைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். ஏன் போனாள்... அந்த மூன்றாவது சுரம் அவளைத் தூங்கவிடவில்லை, அவ்வளவுதான். கண்கள்? சேச்சே, கண்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

“ஒரே ஒரு நிபந்தனை,” என்றாள். “இசைத்தட்டு அட்டையில என் பேரு வரக்கூடாது.”

“வாசிக்கறது நீங்க... பேரு வேண்டாமா?”

“இப்போதைக்கு வேண்டாம். கடைசி நாள் யோசிச்சு சொல்றேன்.”

அந்த வாரங்கள் எப்படிப் போயின என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. இதுவரை அவள் வாசித்ததெல்லாம் எப்போதோ செத்துப்போனவர்கள் எழுதி வைத்தது. இங்கே எழுதுகிறவன் எதிரில் உட்கார்ந்து ஃபொக்காச்சா ரொட்டியைக் காபியில் முக்கித் தின்றுகொண்டே, “இந்த இடம் உன் வில்லுக்கு வசதியா இருக்கா, மாத்தட்டுமா?” என்று கேட்டான். எப்போது ‘நீங்க’ போய் ‘நீ’ வந்தது என்று இருவருமே கவனிக்கவில்லை.

பாட்டின் நடுவில் ஒரு ஃபூகா. ஒரு குரல் முன்னால் ஓடும், இன்னொன்று அதே மெட்டைப் பாடிக்கொண்டு பின்னால் துரத்தும்... அதுதான் ஃபூகா. இங்கே முன்னால் ஓடியது அவள் செல்லோ. துரத்தியது அவன் ஆர்கன். முதல்தடவை சேர்ந்து வாசித்தபோது அவள் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினாள். அவனும் கூட்டினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை... பார்க்காமலே அவன் சிரிப்பது தெரிந்தது. கன்னம் சுட்டது. நல்லவேளை, கொட்டகையில் வெளிச்சம் குறைவு.

இனிதான் வம்பு. கடைசி நாள் பதிவு. டிரம்ஸ் வாசிப்பவன் துல்லியோ. பெயர்தான் துல்லியோ, ஆளுக்கும் துல்லியத்துக்கும் ரொம்ப தூரம். பாட்டின் முடிவில் அவன் குழாய் மணிகளில் ஒன்றை அடிக்கவேண்டும். அடித்தான்... பக்கத்து மணியை. திரும்ப அடித்தான்... அதற்கும் பக்கத்து மணியை.

நம் ஊரில் ச-ரி-க-ம போல இங்கே தோ-ரே-மி. அதில் ஏழாவது சுரத்துக்குப் பெயர் ஸி. இந்த ஊர்க்காரர்கள் ‘ஆமாம்’ என்று சொல்வதும் ஸி தான். பிறந்ததிலிருந்து இப்படியே பேசுகிறவர்கள், குழப்பமே வருவதில்லை... அன்றைக்கு வந்தது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆம்பேலியோ. பக்கத்தில் அட்டை அச்சடிக்கிற ஆள், பெயர்களை வாங்கிப்போகக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். ஆம்பேலியோ பொத்தானை அழுத்தி ஒலிவாங்கியில் கேட்டான்: “ஒரியெத்தா... உன் பேரைப் போட்டுடட்டுமா? அப்புறம்... ஞாயித்துக்கிழமை என்கூட போக்காதாஸே கடற்கரைக்கு வர்றியா? உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

இதைக் கேட்க அவன் எத்தனை நாள் தைரியம் சேர்த்தானோ. முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாமல்தான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டான். அவன் குரல் வரும் ஹெட்ஃபோனோ ஒரியெத்தாவின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் துல்லியோவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்.

“ஸி... ஸி... ஸி. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

ஆம்பேலியோவுக்குத் தரை காலில் படவில்லை. அச்சுக்காரரிடம் சந்தோஷமாகப் பெயரை எழுதிக் கொடுத்தான்: செல்லோ - ஒரியெத்தா கானெப்பா.

ஞாயிற்றுக்கிழமை ஒரியெத்தா வீட்டில் உட்கார்ந்து தேர்வுக்குச் சாதகம் செய்தாள். அடுத்த வாரமும். அவன் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை... பதிவு முடிந்ததும் செல்லோக்காரி தேவையில்லையாக்கும். சரி, அவனே வந்து பேசட்டும். இவளாகப் போகமாட்டாள். கானெப்பா வீட்டு ரத்தம்.

பிப்ரவரியில் ‘கொந்தளிப்பு’ வெளிவந்தது. வாத்தியக் குழுவில் யாரோ அதை ஒத்திகைக்கே எடுத்து வந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் அப்பா சூப்புத் தட்டுக்குப் பக்கத்தில் அந்த அட்டையை வைத்தார். பின்பக்கம் மேலே தெரிய.

“இதுல போட்டிருக்கிறது யாரு?”

ஒரியெத்தாவுக்குக் கரண்டி கையில் நின்றது. “பப்பா...”

“எங்கப்பா இதே பேரோட வாசிச்சார். நான் இதே பேரோட வாசிக்கறேன். இப்போ அதே பேரு ‘பழைய உப்புக் கிடங்குல’ கிடக்கு. தேர்வு அடுத்த மாசம். நாளைக்கே தேர்வு வைக்கறவங்க கண்ணுல படும். உனக்கு அந்த நாற்காலி வேணுமா, வேண்டாமா?”

“வேணும் பப்பா.”

“அப்போ இது என்ன?”

ஒரியெத்தா கரண்டியைக் கீழே வைத்தாள். சூப்பு ஆறிப்போனது. அட்டையை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். துல்லியோ அவள் முகத்தைப் பார்த்தான், டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்தான், சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லி நழுவினான்.

“யாரைக் கேட்டுப் பேரைப் போட்ட?”

“உன்னைக் கேட்டுத்தான்.” ஆம்பேலியோவின் குரலும் இளகி இல்லை. “மூணு தடவை ஸின்னு சொன்ன.”

“எப்போ?”

“கடைசி நாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு.”

ஒரியெத்தா யோசித்தாள். யோசித்து... தலையில் கை வைத்துக்கொண்டாள். “கடவுளே. அது மணிக்குச் சொன்ன ஸி. அந்தத் துல்லியோ தப்புத் தப்பா அடிச்சுட்டிருந்தான்.”

ஆம்பேலியோ ஆர்கன் மூடியைச் சாத்தினான். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்போ... ஞாயித்துக்கிழமைக்கும் நீ ஸி சொல்லல,” என்றான் மெதுவாக.

“எந்த ஞாயித்துக்கிழமை?”

“போக்காதாஸேக்கு வர்றியான்னு கேட்டேன். வர்றேன்னுட்ட. நவம்பர் குளிர்ல ரெண்டு கையிலயும் ஐஸ்கிரீம் வெச்சுக்கிட்டு நின்னேன். அந்தக் குளிர்ல உருகக்கூட இல்ல. விளக்கு போடற நேரத்துக்கு ரெண்டையும் நானே தின்னேன். சரி, நீ என்னை வெச்சு விளையாடிட்டேன்னு நெனைச்சுட்டேன்.”

அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனால் வாய் இருக்கிறதே... “மறுபடி ஒரு தடவை கேட்டிருக்கலாமே. வாய் தேஞ்சா போயிடும்?”

“நீயும்தான் ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். லிஃப்ட் ரிப்பேரா?”

இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கிளம்பி வாசல்வரை போனபிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

“உன் பேரை எடுத்துடறேன். கவலைப்படாத.”

“அச்சாயிடுச்சு. எப்படி எடுப்ப?”

“அது என் பாடு.”

மார்ச். தேர்வு நாள் காலை. அப்பா அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டே, எங்கேயோ பார்த்துச் சொன்னார்:

“அந்தப் பையன் நேத்து ஒத்திகை வாசல்ல வந்து நின்னான். முடியெல்லாம் வாரிக் கட்டிக்கிட்டு. அச்சுப் பிழைன்னு சொன்னான். வாசிச்சது வேற யாரோவாம். உன் பேரு மேல கறுப்புக் காகிதம் ஒட்டறானாம், ஊர்ல இருக்கிற எல்லா கடையிலயும். உன்னைக் கேட்டா நீயும் அப்படியே சொல்லிடு... அது நீ இல்லன்னு.”

“நீங்க நம்பினீங்களா பப்பா?”

“நான் பாசூன் வாசிக்கிறவன். காது இருக்கு. இருந்தாலும் சொல்லிடு.”

தேர்வு மண்டபத்தில் மூன்று பெரியவர்கள். ஒரியெத்தா நன்றாக வாசித்தாள்... அவளுக்கே தெரிந்தது. முடித்து வில்லை இறக்கியதும் நடுவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

“சின்யோரீனா கானெப்பா... கடையில ஒரு ராக் தட்டு ஓடிட்டிருக்கு. அதுல செல்லோ வாசிக்கிற கானெப்பா நீங்கதானா? அதே பேருள்ள வேற யாராவதா?”

கதவை அவரே திறந்து வைத்த மாதிரி இருந்தது. ‘வேற யாரோ’ என்று சொன்னால் போதும். நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில். அப்பாவுக்கும் நிம்மதி. ஒரியெத்தா வாயைத் திறந்தாள்...

“நான்தான்,” என்றாள்.

“முடிவு அடுத்த வாரம் தெரியும். நீங்க போகலாம்.”

வெளியே நடையில் அப்பா குடையோடு நின்றுகொண்டிருந்தார். கதவில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார் என்பது அவர் நின்ற தினுசிலேயே தெரிந்தது.

“அவ்வளவு சொல்லியும்...” என்று ஆரம்பித்தார். நிறுத்தினார். இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார். முகம் சிவந்துகொண்டே போனது. “எல்லா கடையிலயுமா ஒட்டறான்?”

“அப்படித்தானே உங்ககிட்ட சொன்னான்...”

“கானெப்பாங்கற பேரு மேல காகிதம் ஒட்டறதுக்கு அவன் யாரு? நீயே என்னுதுதான்னு சொன்னப்புறம் அவன் என்ன மறைக்கறது? போ. போய் நிறுத்து அவனை. செல்லோவைக் குடு, நான் பிடிச்சுக்கறேன்.” குடையையும் அவள் கையில் திணித்தார். “ஓடு, பார்த்துட்டு நிக்காத.”

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது, கடைசி நாற்காலி. அது அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. நமக்கு இப்போதே தெரிந்தால் தப்பில்லை. தெரியாமலே அவள் ஓடினாள்... வாசலைத் தாண்டியதும் காற்று குடையைப் புரட்டிப் போட்டது. அதை அங்கேயே குப்பைத் தொட்டியில் செருகிவிட்டு ஓடினாள்.

முதல் கடை. ‘கொந்தளிப்பு’ அடுக்கி இருந்தது. ஒவ்வொரு அட்டையிலும் அவள் பெயர் இருந்த இடத்தில் குட்டியாக, நேராக, அழகாக ஒட்டிய கறுப்புக் காகிதம். எவ்வளவு பொறுமையாக ஒட்டியிருக்கிறான் பாவி... நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்தாள். “முடிக்காரப் பையன் எப்போ போனான்?” இப்போதுதான், அடுத்த கடைக்கு என்றார்கள். அடுத்த கடையில் உரித்தாள். அதற்கடுத்த கடையிலும். ஒவ்வொரு கடையிலும் அவன் இப்போதுதான் போயிருந்தான். அவன் ஒட்டிக்கொண்டே ஓட, இவள் உரித்துக்கொண்டே துரத்தினாள். துறைமுக வளைவுகளுக்குக் கீழே, சின்யோரா இல்தேயின் சின்னக் கடையில் பிடித்தாள்.

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் தட்டுகள். பசைக் காகிதத்தை நாக்கில் தடவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். நனைந்து சொட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தான்... அவள் கை நிறைய இருந்த கறுப்புத் துண்டுகளைப் பார்த்தான்.

“அதெல்லாம் என்ன?”

“நீ ஒட்டினது.”

“பைத்தியமா உனக்கு? ஒட்டி ஒட்டி நாக்கே மரத்துப்போச்சு எனக்கு. இன்னைக்குத் தேர்வு தானே...”

“முடிஞ்சுது. அது நீதானான்னு கேட்டாங்க. நான்தான்னு சொல்லிட்டேன்.”

அவன் எழுந்தேவிட்டான். மடியிலிருந்த தட்டுகள் சரிந்தன. “ஏன் ஒரியெத்தா? பிழைன்னு உன்னைச் சொல்லச் சொல்லி உங்கப்பாகிட்ட சொன்னேனே. சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வேலைன்னு சொன்னியே...”

“சொல்லத்தான் போனேன். நுனிநாக்கு வரைக்கும் வந்துடுச்சு.” மழைத்தண்ணீர் முகத்தில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. “அது நான் இல்லன்னு சொல்லிட்டா... அந்தப் பாட்டுல நீ துரத்திட்டு வர்றது வேற எவளையோன்னு ஆயிடும். எனக்கு அது பொறுக்கல. வேலை போனா போகட்டும். உன் முன்னாடி ஓடறது நான்தான். வேற எவளும் இல்ல.”

கண்ணாடியில் மழை தட்டிக்கொண்டிருந்தது. ஆம்பேலியோவின் கீழுதட்டில் ஒரு கறுப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஒரியெத்தா கையை நீட்டி அதை உரித்தாள். விரல் அங்கேயே கொஞ்சம் நின்றுவிட்டது.

“எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு,” என்றாள். “உன் முடி பிடிக்கல. அதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

கல்லாவுக்குப் பின்னாலிருந்து சின்யோரா இல்தே இருமினார். “பசங்களா, எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். ஒருத்தர் ஒட்டறீங்க, ஒருத்தர் உரிக்கறீங்க. இந்தத் தட்டுங்களுக்கு அந்தப் பேரு வேணுமா, வேண்டாமா?”

ஆம்பேலியோ கண்ணை ஒரியெத்தாவிடமிருந்து எடுக்காமலே சொன்னான்.

“வேணும் சின்யோரா. பேரும் வேணும்... பேருக்குச் சொந்தக்காரியும் வேணும்.”